பூவின் மஞ்சளைப் பிரித்துக் காட்டிய குளித்தலைக்காரர்

அய்யலூரில் இருந்து வடகிழக்கே போனால் கடவூர் மலை. அந்த மலையைத் தாண்டி இன்னும் போனால் காவிரி. காவிரியின் தென்கரையில் இருக்கிறது குளித்தலை.

காலையில் கடம்பர் கோவில், மத்தியானம் அய்யர்மலை, சாயங்காலம் ஈங்கோய்மலை என்று ஒரே நாளில் மூன்று கோவில் கும்பிடப் போகிறவர்களுக்கு இந்த ஊர் நன்றாகத் தெரியும்.

அந்தக் குளித்தலையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில் பிறந்த பிள்ளை, பருத்திப் பூவையும் பூவரசம் பூவையும் ஆராய்ந்து உலகப் புகழ் அடைந்தார். கணித மேதை ராமானுஜனும், சர் சி.வி.ராமனும் அங்கத்தினர் ஆன அதே லண்டன் ராயல் சொசைட்டி, இவரையும் அழைத்து அங்கத்தினர் ஆக்கியது.

அவர் பெயர் திருவேங்கட ராஜேந்திர சேஷாத்திரி. சுருக்கமாக டி.ஆர்.சேஷாத்திரி.

ராமானுஜன் பெயரைச் சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கை தூக்குவார்கள். சேஷாத்திரி பெயரைச் சொன்னால், அவர் பிறந்த தாலுகாவிலேயே பலர் விழிப்பார்கள். அதனால் அவர் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டி இருக்கிறது.

மரப்பட்டையில் மருந்து

முதலில் ஒரு மரத்தைப் பற்றிப் பார்ப்போம். அது நம் ஊர் மரம் அல்ல. வில்லோ மரம். கிரிக்கெட் மட்டை செய்கிறார்களே, அந்த மரம்.

இங்கிலாந்தில் எட்வர்டு ஸ்டோன் என்று ஒரு பாதிரியார் இருந்தார். வில்லோ மரத்தின் பட்டையைக் காயவைத்து, இடித்துத் தூளாக்கி, குளிர்காய்ச்சல் வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். காய்ச்சல் தணிந்தது. 1763-ம் ஆண்டு இந்தச் செய்தியை ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார்.

பட்டையில் காய்ச்சலைத் தணித்த பொருள் எது? 1828-ம் ஆண்டு ஜெர்மனியில் பூக்னர் என்ற ரசாயன நிபுணர் அதைப் பிரித்து எடுத்தார். அதற்குச் சாலிசின் என்று பெயர் வந்தது. சாலிசினில் இருந்து சாலிசிலிக் அமிலம் வந்தது. அதைக் கொஞ்சம் மாற்றி, 1897-ம் ஆண்டு ஆஸ்பிரின் செய்தார்கள். தலைவலிக்கு ஒரு மாத்திரை வாங்கிப் போடுகிறோமே, அதன் பூர்வீகம் இந்த மரப்பட்டைதான்.

சாலிசின் மட்டும் அல்ல, வில்லோ மரத்தில் வேறு பல சரக்குகளும் உண்டு. இலையிலும் பட்டையிலும் மஞ்சள் சாயப் பொருள்கள் இருக்கின்றன. துவர்ப்புப் பொருள் இருக்கிறது. இரண்டு ஜாதி வில்லோவைச் சேர்த்துப் புதுக் கலப்பு மரம் உண்டாக்கினால், இந்தச் சரக்குகளின் அளவு மரத்துக்கு மரம் கூடும், குறையும். தாய் மரத்தின் ஜாடை கொஞ்சம், தகப்பன் மரத்தின் ஜாடை கொஞ்சம் என்று கலந்து வரும்.

வில்லோவுக்கு மட்டுமா இந்த விசேஷம்? வேலியில் நிற்கும் செடிக்கும் உண்டு. வீட்டு வாசலில் நிற்கும் மரத்துக்கும் உண்டு. அவற்றுக்குள் என்ன இருக்கிறது, அதைச் செடி எப்படிச் செய்கிறது? இந்த ஒரே கேள்விக்குத்தான் சேஷாத்திரி தம் வாழ்நாளைக் கொடுத்தார்.

வாத்தியார் மகன்

1900-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 3-ந் தேதி அவர் பிறந்தார். அப்போது குளித்தலை, திருச்சி ஜில்லாவில் இருந்தது. (இப்போது கரூர் மாவட்டம்.) தாயார் பெயர் நாமகிரி அம்மாள். ஐந்து ஆண் பிள்ளைகளில் இவர் மூன்றாவது.

ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் படித்தார். 1917-ம் ஆண்டு சென்னைக்குப் போய், பிரசிடென்சி கல்லூரியில் ரசாயன ஆனர்ஸ் வகுப்பில் சேர்ந்தார்.

வாத்தியார் சம்பளத்தில் ஐந்து பிள்ளைகள். பட்டணத்துப் படிப்புக்குப் பணம் ஏது? இராமகிருஷ்ண மடத்தார் ஆதரவு கொடுத்தார்கள். அந்த நன்றியை அவர் மறக்கவில்லை. படிப்பு முடிந்ததும் வேலை தேடி ஓடாமல், ஒரு வருடம் மடத்தின் பணிக்கே தம்மைக் கொடுத்தார். எளிய உடை, எளிய சாப்பாடு, ஓயாத உழைப்பு என்ற பழக்கம் அந்த வயதில் படிந்தது. கடைசிவரை போகவில்லை.

பிறகு பிரசிடென்சி கல்லூரிக்கே திரும்பினார். அங்கே பி.பி.டே என்ற வங்காளப் பேராசிரியர் இருந்தார். அவரிடம் ஆராய்ச்சி பழகினார். பரிசுகள் கிடைத்தன. 1927-ம் ஆண்டு சென்னை சர்க்கார் உபகாரச் சம்பளம் கொடுத்தது. சீமைக்குக் கப்பல் ஏறினார்.

ராபின்சனின் சீடர்

மான்செஸ்டர் நகரத்தில் ராபர்ட் ராபின்சன் என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். அந்தக் காலத்தில் செடி கொடிகளின் ரசாயனத்தில் ராபின்சனுக்கு இணை மிகச் சிலரே. ரோஜாவின் சிவப்பும் நீலப் பூவின் நீலமும் எந்தப் பொருளால் வருகின்றன என்று அவர் ஆராய்ந்தார். ஆராய்ந்ததோடு நிற்காமல், அந்தச் சாயங்களைக் கண்ணாடிக் குடுவையில் செய்தும் காட்டினார். 1947-ம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் குருவிடம் 1929-ம் ஆண்டு சேஷாத்திரி டாக்டர் பட்டம் பெற்றார்.

பட்டம் வாங்கியதும் ஊருக்குக் கிளம்பி இருக்கலாம். கிளம்பவில்லை. இன்னும் ஒரு வித்தை கற்க வேண்டும் என்று ஆஸ்திரியா தேசத்தின் கிராஸ் நகரத்துக்குப் போனார். அங்கே பிரெகல் என்ற நிபுணர் இருந்தார். 1923-ம் ஆண்டிலேயே நோபல் பரிசு வாங்கியவர்.

பிரெகலின் வித்தை இதுதான். ஒரு பொருளில் கரி எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு என்று தெரிய, அதை எரித்து, வரும் வாயுவையும் நீரையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பெல்லாம் ஒரு சோதனைக்கு நிறையச் சரக்கு வேண்டும். பிரெகல் நுட்பமான தராசும் கருவிகளும் செய்து, சில மில்லிகிராம் இருந்தால் போதும் என்று ஆக்கிவிட்டார். ஒரு அரிசி மணியின் எடையில் கால் பங்கு வைத்துக்கொண்டு கணக்குச் சொல்லிவிடலாம்!

பூவை ஆராய்கிறவனுக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. ஏன் என்றால், படி படியாகப் பூவை உலர்த்திக் காய்ச்சினால், கடைசியில் கிடைப்பது ஒரு சிட்டிகை. அந்தச் சிட்டிகையையும் ஒரே சோதனையில் எரித்துவிட்டால் மற்றச் சோதனைக்கு என்ன செய்வது? கையில் பணம் இல்லாத நாட்டுக்குத் திரும்பப்போகிறவர், குறைந்த சரக்கில் நிறைய வேலை வாங்கும் வித்தையைத் தேடிப்போய்க் கற்றார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரம் போய், பார்ஜர் என்ற பேராசிரியரிடம் சில காலம் வேலை செய்தார். 1930-ம் ஆண்டு தாய்நாடு திரும்பினார்.

திரும்பியவுடன் தகுந்த இடம் கிடைக்கவில்லை. கோயம்புத்தூர் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ரசாயன வேலை பார்த்தார். 1933-ம் ஆண்டில் வால்டேரில் இருந்த ஆந்திர சர்வகலாசாலைக்குப் போனார். அப்போது அங்கே துணைவேந்தர், பிற்காலத்தில் நம் ஜனாதிபதியான டாக்டர் ராதாகிருஷ்ணன்.

கடற்கரையில் ஒரு கூடம்

வால்டேர், விசாகப்பட்டினத்தை ஒட்டிய கடற்கரை. சர்வகலாசாலை புதியது. ரசாயனப் பகுதியோ இன்னும் புதியது. மேஜை போடுவதில் இருந்து குழாய் போடுவது வரை எல்லாம் தொடக்கம்தான். சேஷாத்திரிக்கு வயது 33.

சீமையில் பெரிய கூடங்களில், விலை உயர்ந்த சரக்குகளோடு வேலை செய்து பழகியவர். அதே வேலையை இங்கே செய்யப் போனால் ஒவ்வொரு சரக்குக்கும் கப்பலை எதிர்பார்த்து உட்கார வேண்டும். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பருத்தி இருந்தது. புளிச்சைக் கீரை இருந்தது. பூவரசு இருந்தது. புங்கம் இருந்தது. காசு கொடுக்காமல் கூடை கூடையாகக் கிடைக்கும் சரக்கு!

நீலகண்டம், ரங்கசாமி, சூரியபிரகாச ராவ் போன்ற இளைஞர்கள் சீடர்களாகச் சேர்ந்தார்கள். வேலை ஆரம்பமானது.

முதல் பூ பருத்திப் பூ. வேடசந்தூர்ப் பக்கத்து நூல் ஆலைகளில் பருத்தியின் பஞ்சைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர். அந்தப் பூவை எத்தனை பேர் உற்றுப் பார்த்திருப்பார்கள்? இளம் மஞ்சளாக மலரும். வாடும்போது சிவக்கும். நாட்டுப் பருத்தியின் பூ ஒரு நிறம், சீமைப் பருத்தியின் பூ ஒரு நிறம்.

அந்த மஞ்சளை எப்படிப் பிரிப்பது? சமையல் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பூ இதழ்களை உலர்த்த வேண்டும். சாராயச் சத்தில் போட்டுக் கொதிக்கவைக்க வேண்டும். கஷாயம் இறக்குவதுபோல வடிகட்டி, சுண்டவைக்க வேண்டும். அதில் எண்ணெய்ப் பசை, பிசின், சர்க்கரை எல்லாம் கலந்து இருக்கும். ஒவ்வொன்றாகக் கழுவித் தள்ள வேண்டும். மிச்சத்தை ஆறவிட்டால், கற்கண்டு விளைவதுபோல ஊசி ஊசியாக மஞ்சள் பொருள் படியும்.

சில பூக்களில் சாயம் தனியாக இருக்காது. சர்க்கரையோடு கை கோத்துக்கொண்டு இருக்கும். இலேசான அமிலத்தில் கொதிக்கவைத்தால் இரண்டும் கை விட்டுப் பிரியும். சாயம் வேறு, சர்க்கரை வேறு. வில்லோ மரத்துச் சாலிசினும் இப்படிச் சர்க்கரை பிடித்த பொருள்தான்.

பருத்திப் பூவில் ஒரு மஞ்சள் சாயம் உண்டு என்று பெர்க்கின் என்ற ஆங்கிலேயர் முன்பே கண்டிருந்தார். அதற்குக் காசிபெட்டின் என்று பெயர். பருத்திக்கு லத்தீனில் காசிபியம் என்று பெயர் அல்லவா, அதில் இருந்து வந்த பெயர். சேஷாத்திரியின் கூட்டம், நம் நாட்டுப் பருத்திகளை வகை வகையாக எடுத்துச் சோதித்தது. வகைக்கு வகை சாயச் சரக்கு மாறியது. ஹெர்பசெட்டின் என்ற புதுப் பொருள் ஒன்றும் அகப்பட்டது.

அடுத்தது புளிச்சைக் கீரை. தெலுங்கு நாட்டில் இதற்குக் கோங்கூரா என்று பெயர். அது இல்லாமல் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. எல்லோரும் இலையைத் துவையல் அரைத்துச் சாப்பிட்டார்கள். சேஷாத்திரி பூவைக் கேட்டு வாங்கினார். அதில் இருந்து ஹிபிசெட்டின் என்ற சாயம் கிடைத்தது.

பூவரசம் பூவில் பாபுல்னின் கிடைத்தது. புங்க விதை எண்ணெயில் பொங்கமால் கிடைத்தது. விளக்கு எரித்த எண்ணெய், பிள்ளைகள் பீப்பீ செய்து ஊதும் பூவரசு, இவையெல்லாம் உலக ரசாயனப் புத்தகங்களில் ஏறின.

மரப்பட்டையில் ஒட்டி வளரும் பாசியையும் அவர் விடவில்லை. இது வெறும் பாசி அல்ல. பாசியும் காளானும் கூட்டுக் குடும்பம் நடத்தும் ஒரு விசித்திர உயிர். கடலோர மரங்களில் படரும் ராக்செல்லா என்ற வகையை எடுத்து ஆராய்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அமிலமா காரமா என்று பார்க்க லிட்மஸ் தாள் கொடுக்கிறார்களே, அந்த லிட்மஸ் சாயம் இந்த இனத்தில் இருந்துதான் வருகிறது. திண்டுக்கல் பிரியாணிக்கு வாசனை கொடுக்கும் கல்பாசி, அதற்குச் சொந்தக்கார இனம். கல்பாசியின் இனமான பார்மீலியாவும் சேஷாத்திரியின் குடுவைக்குள் போய் வந்திருக்கிறது.

மூன்று ஜோடி

பொருளைப் பிரித்து எடுத்ததும் வேலை முடிந்துவிடாது. அதன் உள் அமைப்பு என்ன என்று சொல்ல வேண்டும். சொன்னது சரியா என்று நிரூபிக்க வேண்டும்.

நிரூபிக்கும் விதம் சுவாரசியமானது. அமைப்பு இதுதான் என்று தீர்மானித்தால், அதே பொருளைப் பூவே இல்லாமல், குடுவையில் செய்ய வேண்டும். செய்ததைச் சூடாக்கினால் இன்ன டிகிரியில் உருகும் என்று தெரியும். பூவில் இருந்து எடுத்ததையும் அதே டிகிரியில் உருக்கிப் பார்க்கலாம். இரண்டும் ஒரே டிகிரியில் உருகினால் போதுமா? போதாது. வேறு வேறு பொருள்கள் தற்செயலாக ஒரே டிகிரியில் உருகலாம். அதனால் இரண்டையும் கலந்து உருக்குவார்கள். ஒரே பொருள் என்றால் உருகும் டிகிரி மாறாது. வேறு பொருள் என்றால் கலப்படம் ஆகி, சீக்கிரமே உருகத் தொடங்கிவிடும். பொன்னுக்கு உரைகல் மாதிரி, அந்தக் காலத்து ரசாயன நிபுணர்களுக்கு இந்தச் சோதனை.

இப்படி ஒவ்வொன்றாக நிரூபித்துக்கொண்டே போனபோது, சேஷாத்திரிக்கு ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது.

இந்த மஞ்சள் சாயங்கள் எல்லாம் ஒரே குடும்பம். பிளேவோன் குடும்பம் என்று பெயர். எல்லாவற்றுக்கும் உடம்பு ஒன்றே. 15 கரி அணுக்கள் சேர்ந்த கூடு. அந்தக் கூட்டின் மேல் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு கொக்கிகள் மாட்டி இருக்கும். எத்தனை கொக்கி, எந்த இடத்தில் என்பதில்தான் வித்தியாசம்.

வெங்காயச் சருகில் இருக்கும் மஞ்சளுக்குக் குவர்செட்டின் என்று பெயர். வில்லோ இலையிலும் அது உண்டு. அதற்கு 5 கொக்கிகள். பருத்திப் பூவின் காசிபெட்டினுக்கு 6. முதல் ஐந்தும் அதே இடத்தில் இருக்கின்றன. ஒன்று மட்டும் கூடுதல்.

பூவரசம் பூவின் பாபுல்னினில் சர்க்கரையைக் கழற்றினால் கெம்பெரால் என்ற சாயம் வரும். அதற்கு 4 கொக்கிகள். பருத்தியின் ஹெர்பசெட்டினுக்கு 5. இங்கும் அதே இடத்தில் ஒன்று கூடுதல்.

மிரிசெட்டின் என்று ஒன்று உண்டு. அதற்கு 6. புளிச்சைப் பூவின் ஹிபிசெட்டினுக்கு 7. மறுபடியும் அதே இடம்!

மூன்று ஜோடி. மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே மாற்றம். இது தற்செயலாக இருக்க முடியுமா? செடி முதலில் எளிய சாயத்தைச் செய்கிறது, பிறகு அதன் மேல் ஒரு ஆக்சிஜனை ஏற்றி அடுத்த சாயத்தைச் செய்கிறது என்று அவர் யூகித்தார்.

யூகம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். செடி செய்வதைக் குடுவையில் செய்ய முடியுமா? அதுதான் சவால்.

அவரும் சீடர்களும் குவர்செட்டினை எடுத்தார்கள். அதன் கொக்கிகள் சிலவற்றை மூடி போட்டு அடைத்தார்கள். அடைக்காவிட்டால் சாயமே சிதைந்துபோகும். பிறகு காரக் கரைசலில் போட்டு, பொட்டாசியம் பெர்சல்பேட் என்ற உப்பைச் சேர்த்தார்கள். அடுப்பு மூட்டவில்லை. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஆக்சிஜன் போய் எந்த இடத்தில் உட்கார வேண்டுமோ, அந்த இடத்திலேயே உட்கார்ந்தது. மூடிகளைக் கழற்றினால், காசிபெட்டின்! வெங்காயச் சருகின் மஞ்சள், பருத்திப் பூவின் மஞ்சளாக மாறிவிட்டது.

ஹெர்பசெட்டினும் ஹிபிசெட்டினும் இதே வழியில் வந்தன. பிற நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இந்த முறையை எடுத்துக்கொண்டார்கள். சேஷாத்திரி இந்த வேலைகளை எல்லாம் சீமைப் பத்திரிகைகளுக்கு மட்டும் அனுப்பாமல், சர் சி.வி.ராமன் பெங்களூரில் 1934-ம் ஆண்டு தொடங்கிய இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பத்திரிகையிலும் தொடர்ந்து எழுதினார். அந்தப் பத்திரிகையைச் சீமையில் உள்ளவர்கள் தேடிப் படிக்க வேண்டி வந்தது.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த 15 கரி அணுக் கூட்டைச் செடி எந்தச் சரக்கில் இருந்து கட்டுகிறது என்பது பற்றி அக்காலத்தில் சொல்லப்பட்ட யூகங்கள் பல பின்னாளில் மாறின. கதிர்வீச்சு அணுக்களைச் செடிக்குள் செலுத்திப் பின்தொடரும் வித்தை பிற்பாடுதான் வந்தது. அந்த வசதி எதுவும் இல்லாத நாளில், கூடையில் வந்த பூக்களைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஆக்சிஜன் ஏறுகிறது என்ற ஒழுங்கை அவர் கண்டார்.

இதனால் காசு வருமா என்று கேட்கத் தோன்றும். உடனே வராது. பருத்திப் பூவின் சாயத்தை யாரும் பொட்டலம் கட்டி விற்கவில்லை. ஆனால் எந்த இலையில் எந்தச் சரக்கு இருக்கிறது, அதை எப்படிப் பிரிப்பது, எப்படிப் பரீட்சை செய்வது என்று தெரிந்த ஆட்கள் இந்த நாட்டில் அப்போது விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள். வைத்தியர் சொல்லும் மூலிகையை ரசாயனக் கண்ணால் பார்க்க ஆள் இல்லை. அந்த ஆட்களை அவர் வால்டேரில் தயார் செய்தார். மருந்து ரசாயனத்துக்கும் தொழில் ரசாயனத்துக்கும் அங்கே தனிப் பகுதிகள் ஏற்பட அவரே முக்கிய காரணம்.

ஜப்பான் குண்டு

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. 1942-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி, ஜப்பான் விமானங்கள் விசாகப்பட்டினத்தில் குண்டு போட்டன. ஊர் கலைந்தது. சர்வகலாசாலைக் கட்டிடங்கள் யுத்த வேலைக்குப் போயின. சர்வகலாசாலை குண்டூருக்கு மாறியது.

வீட்டைக் காலி செய்து போவது எவ்வளவு கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். ரசாயனக் கூடத்தைக் காலி செய்வதை நினைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சாமான், அமிலக் குப்பி, நுட்பமான தராசு, பாதியில் நிற்கும் சோதனைகள். எட்டு ஒன்பது வருடம் பாடுபட்டு அமைத்த கூடம் கைவிட்டுப் போயிற்று. அவர் கொஞ்ச காலம் குண்டூரிலும், பிறகு சென்னையிலும் இருந்து வேலை செய்ய வேண்டி வந்தது.

இதில் ஆச்சரியம் என்ன என்றால், ஹிபிசெட்டின், பாபுல்னின் பற்றிய கட்டுரைகள் எல்லாம் இந்த ஆண்டுகளில்தான் வெளிவந்தன. யுத்தம் முடிந்ததும் வால்டேருக்குத் திரும்பி, மறுபடியும் மேஜை நாற்காலியில் இருந்து தொடங்கினார்.

டெல்லியில்

1949-ம் ஆண்டு டெல்லிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் சர் மாரிஸ் குவயர் அவரை அழைத்தார். ரசாயனப் பகுதிக்குத் தலைவராகப் போனார். வயது 49. மூன்றாவது முறையாகப் புது இடத்தில் புது வேலை.

டெல்லியில் பூவோடு மரமும் சேர்ந்தது. சீசம் மரத்தில் டால்பெர்ஜின் என்ற பொருளை அவர் கூட்டத்தார் கண்டார்கள். செம்மரத்தின் சிவப்புச் சாயமான சாண்டலினை ஆராய்ந்தார்கள். வாசலில் தோரணம் கட்டுகிறோமே மாவிலை, அதில் உள்ள மாஞ்சிபெரின் என்ற பொருளின் உள் அமைப்பையும் ஆராய்ந்து 1967-ம் ஆண்டு வெளியிட்டார்கள்.

நாடெங்கும் இருந்து மாணவர்கள் வந்தார்கள். தமிழர், தெலுங்கர், பஞ்சாபியர், வங்காளியர் என்று எல்லோரும் ஒரே மேஜையில் நின்றார்கள். அவரிடம் டாக்டர் பட்டம் பெற்றவர்கள் 150 பேருக்கு மேல். அவர் பெயரில் வந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஆயிரத்துக்கு மேல். அந்தக் கட்டுரைகள் பெரும்பாலும் சீடர்களின் பெயரையும் சேர்த்தே வந்தன. பல்கலைக்கழக மானியக் குழு அந்தப் பகுதியை இயற்கைப் பொருள் ரசாயனத்துக்கு உயர் ஆராய்ச்சி மையமாக அங்கீகரித்தது.

1960-ம் ஆண்டு ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினர் ஆக்கியது. வில்லோ பட்டையைப் பற்றிப் பாதிரியார் ஸ்டோன் கடிதம் எழுதினாரே, அதே சபைதான். இடையில் 197 வருடம் ஓடி இருந்தது. 1963-ம் ஆண்டு நம் சர்க்கார் பத்மபூஷண் விருது கொடுத்தது. 1967-ம் ஆண்டு இந்திய விஞ்ஞானக் காங்கிரசுக்குத் தலைவர் ஆனார். தேசிய விஞ்ஞானக் கழகத்துக்கும் 1967, 1968 ஆண்டுகளில் தலைவராக இருந்தார்.

1965-ம் ஆண்டு வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது காகிதத்தில்தான். டெல்லிப் பல்கலைக்கழகம் அவரைக் கவுரவப் பேராசிரியர் ஆக்கியது. அந்தப் பதவியை அங்கே முதன்முதலில் பெற்றவர் அவர்தான். 70 வயதுக்குப் பிறகும் மாணவர்களோடு ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தார்.

அவருடைய 70-வது பிறந்த நாளை ஒட்டி அவர் பெயரில் ஒரு பதக்கம் ஏற்பட்டது. தேசிய விஞ்ஞானக் கழகம் அதை ரசாயனத்தில் சிறந்தவர்களுக்கு வழங்கி வந்தது.

1975-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 27-ந் தேதி டெல்லியில் அவர் காலமானார். வயது 75.

கண்டுபிடித்த சாயங்களில் எதற்கும் அவர் தம் பெயரையோ, ஊர்ப் பெயரையோ வைக்கவில்லை. பருத்தியில் கண்டதற்குப் பருத்தியின் பெயர். புளிச்சையில் கண்டதற்குப் புளிச்சையின் பெயர். பூவரசுக்கு லத்தீனில் தெஸ்பீசியா பாபுல்னியா என்று பெயர். அதனால்தான் பூவரசம் பூவில் கண்டதற்குப் பாபுல்னின் என்று பெயர் வைத்தார்கள். ரசாயன அகராதியில் இன்றும் அது அந்தப் பெயரோடுதான் இருக்கிறது.